ஹீட்டரைச் செருகுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

என் மேசை இழுப்பறையில் ஒரு கன்வர்டர் பிளக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தடித்த முனைகள் கொண்ட பவர் பிளக்கைச் செருகும் துளைகள். மறுபக்கம் சாதாரண சாக்கெட்டுக்குள் நுழையும் மெல்லிய முனைகள். வாங்கியபோது வெள்ளையாக இருந்தது. இப்போது ஒரு துளையைச் சுற்றி டிகாக்‌ஷன் நிறத்தில் பழுத்து, விளிம்பு உருகி உள்ளே மடிந்து கிடக்கிறது. பித்தளை முனை ஒன்று கருநீலமாக மாறியிருக்கிறது.

அது என் அக்கா மகனுடையது. குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்க டெல்லி வந்தவன், ஓல்ட் ராஜிந்தர் நகரில் மொட்டைமாடியின் மேல் கட்டிய பர்சாத்தி அறையில் தங்கியிருந்தான். மதுரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது முதல் ஜனவரி. மூன்று பக்கமும் காற்று மோதும் அறை. 2000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினான். ஹீட்டரின் பிளக் பெரியது. அறையில் இருந்ததோ சிறிய சாக்கெட். கடைக்காரர் இந்த கன்வர்டரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் இரவு கருவாடு கருகுவது போன்ற வாடை வந்ததென்றும், சுவிட்ச் போர்டில் கைவைக்க முடியாதபடி சுட்டதென்றும் தொலைபேசியில் சொன்னான். "எம்.சி.பி. விழவே இல்லையே மாமா. அப்படியானால் கரன்ட் அளவுக்குள்தானே ஓடியிருக்கிறது?"

எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அவன் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கான விடை ஒரு வகுத்தலிலும் இரண்டு பெருக்கல்களிலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்த பாடம்தான். ஆனால் தமிழ்நாட்டில் நாம் அதைத் தேர்வுத்தாளில் மட்டுமே பயன்படுத்தினோம். ஹீட்டர் என்ற பொருளே இல்லாத வீடுகளில் வளர்ந்து, முனீர்க்காவிலோ மயூர் விஹாரிலோ முகர்ஜி நகரிலோ முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப்போகிறவர்களுக்காக அந்தக் கணக்கைப் படிப்படியாக எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். இந்தப் பாடத்தைக் கரும்பலகையை விட சாக்கெட்டின் அருகில் நின்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று அந்த இரவு எனக்குப் பட்டது.

மூன்று அளவுகளும் அவற்றின் உறவும்

காலை ஒன்பதரை மணிக்கு ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையத்தில் வெளியேறும் வாயிலருகே நின்று பாருங்கள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்குகிறது. அந்த நெருக்கம்தான் மின்னழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். வாயில்கள் வழியே நொடிக்கு இத்தனை பேர் என்று வெளியேறுகிறார்கள். அந்த ஓட்டம்தான் மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். வாயில் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தடை. மின்தடையின் அலகு ஓம்.

இந்த மூன்றையும் இணைத்தவர் கேயார்க் சைமன் ஓம், ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவரைப் படுத்தியது. அதனால் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதிலிருந்து கிடைத்த மிகச் சிறிய ஆனால் அசையாத அழுத்தத்தைக் கொண்டு அளந்தார். முடிவுகளை 1827இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் பதக்கம் கொடுத்தது. ஓர் ஆசிரியர் பொறுமையாக அளந்து கண்ட வரி இது:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

இதன் அருகில் இன்னொரு வரி வேண்டும். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது மின்திறன். அதன் அலகு வாட்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இரண்டே வரிகள். நான்கு அளவுகளில் எந்த இரண்டு தெரிந்தாலும் மீதி இரண்டு கிடைத்துவிடும்.

முதல் படி: தகட்டைப் படித்து ஆம்பியரைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு மின்கருவியின் முதுகிலோ அடியிலோ ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். அதில் வோல்ட்டும் வாட்டும் அச்சிட்டிருக்கும். ஆம்பியரைப் பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வயரையும் சாக்கெட்டையும் பொறுத்தவரை முதலில் தெரிய வேண்டியது ஆம்பியர்தான். அதனால் வாட்டை வோல்ட்டால் வகுத்துவிடுங்கள். நம் வீடுகளுக்கு வரும் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட்.

2000 வாட் ஹீட்டர்: 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர்.
தண்ணீர் சுடவைக்கும் 1500 வாட் ராட்: 6.5 ஆம்பியர்.
1000 வாட் இஸ்திரிப்பெட்டி: 4.35 ஆம்பியர்.
700 வாட் ரைஸ் குக்கர்: 3 ஆம்பியர்.
ஊரிலிருந்து ரயிலில் தூக்கிவந்த 150 வாட் கிரைண்டர்: ஓர் ஆம்பியருக்குக் கீழே.

இப்போது சுவரைப் பாருங்கள். நம் நாட்டில் வீட்டு சாக்கெட்டுகள் இரண்டு அளவுகளில் வருகின்றன. சிறியது 6 ஆம்பியர்; பெரியது, பவர் பிளக் என்று நாம் சொல்வது, 16 ஆம்பியர். சிறிய சாக்கெட் தாங்கக்கூடிய உச்சம் 230 × 6 = 1380 வாட். பெரியது 3680 வாட் வரை தாங்கும். இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; மற்றதையெல்லாம் தேவைப்படும்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1500 வாட் ராடே சிறிய சாக்கெட்டின் எல்லையை அரை ஆம்பியர் தாண்டுகிறது. 2000 வாட் ஹீட்டர் எல்லையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஹீட்டருக்குப் பெரிய பிளக் வைத்து அனுப்புவது, தெரியாமல்கூட அதைச் சிறிய சாக்கெட்டில் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஒரே தடுப்பையும் கன்வர்டர் பிளக் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டுக்குக் கொண்டுபோகும் கன்வர்டரை வாங்கவே வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கைபேசி சார்ஜருக்கு அது தேவைப்படாது. அது தேவைப்படும் பெரும்பாலான கருவிகள் அதற்குப் பொருந்தாதவை.

இரண்டாம் படி: உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து பாருங்கள்

தகட்டில் இருப்பது, சரியாக 230 வோல்ட் வந்தால் நடப்பது. உங்கள் அறைக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்பது வேறு. கருவி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க மூன்று வழிகள் சொல்கிறேன். புதியவர்களுக்கு உகந்தது முதல் வழி.

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் ஆற்றல் மீட்டர் ஒன்று கிடைக்கிறது. கருவியை அதில் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். எந்தக் கம்பியையும் தொட வேண்டியதில்லை. ஹீட்டருக்கு 16 ஆம்பியர் தாங்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு போல வாய் திறக்கும். கம்பியை அதற்குள் விட்டு மூடினால், கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொண்டு ஆம்பியரைச் சொல்லிவிடும். முதன்முதலில் வாங்குகிற எல்லோரும் ஹீட்டரின் வயர் முழுவதையும் வாய்க்குள் விட்டு, பூஜ்யம் காட்டுகிறதே என்று மீட்டரைக் குறை சொல்வார்கள். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒன்றாக உள்ளே இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடும். ஒற்றைக் கம்பி மட்டுமே உள்ளே இருக்க வேண்டும். இதற்காக வயரின் மேலுறையை நீங்களாகக் கிழிக்காதீர்கள். ஓர் அடி நீளத்துக்கு மூன்று கம்பிகளும் தத்தம் உறையோடு தனித்தனியாக வெளியே தெரியும் சிறு இணைப்பு வயரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வழிக்குக் கருவியே வேண்டாம். மின்வாரிய மீட்டரே போதும். அதில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். என் வீட்டு மீட்டரில் 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் (ஜூல் ஆற்றலின் அலகு; நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட்). ஆகவே ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டு, 20 மினுக்கல்களுக்கு எத்தனை நொடி என்று கைபேசியில் பாருங்கள். எனக்கு 11.7 நொடி ஆனது. 20 × 1125 ÷ 11.7 = 1923 வாட். ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவு துல்லியமாக வேறு எதுவும் சொல்லாது. குளிரில் மாடிப்படிக்கு அடியில் போர்வையோடு நின்று மினுக்கல்களை எண்ணிய அந்தப் பத்து நொடிகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

எச்சரிக்கை ஒன்று. சாதாரண மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து அதன் இரண்டு ஊசிகளையும் சாக்கெட் துளைகளில் விட்டுவிடாதீர்கள். அந்த நிலையில் மீட்டருக்குள் தடை ஏறக்குறைய இல்லை. 230 வோல்ட்டை அப்படிப்பட்ட தடையால் வகுத்தால் என்ன வரும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். வெடிக்கும், கை வெந்துபோகும்.

மூன்றாம் படி: தடையைக் கணக்கிடுங்கள்

அக்கா மகனின் ஹீட்டரை என் வீட்டுப் பவர் பிளக்கில் போட்டுப் பார்த்தோம். மின்னழுத்தம் 226 வோல்ட், மின்னோட்டம் 8.5 ஆம்பியர்.

226 ÷ 8.5 = 26.6 ஓம்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஹீட்டரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, முழுவதும் ஆறிய பிறகு, அதன் சுவிட்சை மட்டும் போட்ட நிலையில் வைத்து, பிளக்கின் மேலே உள்ள பெரிய முனையை விட்டுவிட்டு மற்ற இரண்டு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். 26ஐ ஒட்டி ஏதாவது காட்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

பின்பு ஹீட்டரின் குமிழைக் குறைந்த நிலைக்குத் திருப்பினோம். 226 வோல்ட், 4.2 ஆம்பியர். தடை 53.8 ஓம். "வாட் பாதியாகக் குறைந்தது, ஆனால் தடை இரட்டிப்பாகிவிட்டதே" என்று அவன் நெற்றியைச் சுருக்கினான். பலரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பெரிய ஹீட்டர் என்றால் பெரிய தடை என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. உண்மை நேர் எதிர். ஹீட்டருக்குள் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியால் ஆன இரண்டு சுருள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 ஓம். குறைந்த நிலையில் ஒரு சுருள் மட்டும். கூடிய நிலையில் இரண்டும். ராஜீவ் சவுக்கில் இரண்டாவது வாயிலையும் திறந்துவிட்டால் கூட்டத்துக்குத் தடை பாதியாகிறது, வெளியேறுவோர் இரட்டிப்பாகிறார்கள். வாட் அதிகமான கருவிக்குத் தடை குறைவு.

நான்காம் படி: மின்திறன்

அதே எண்களைப் பெருக்குங்கள். 226 × 8.5 = 1921 வாட். மினுக்கலில் எண்ணிய 1923க்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். தகடு 2000 என்கிறது. குறைவாக இருப்பதற்கு முதன்மையான காரணம் மின்னழுத்தம் 230க்குக் கீழே இருப்பது.

முதல் வரியை இரண்டாம் வரிக்குள் நுழைத்தால் இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கும்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை
மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்தவர்களுக்கு இவை வெறும் மாற்று வடிவங்களாகத் தெரியும். வீட்டில் இவை இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

முதல் வடிவம், மின்னழுத்தம் குறையும் இரவுகளுக்கு. குடியிருப்பு முழுவதும் ஹீட்டர் போட்டிருக்கும் ஜனவரி இரவில் உங்கள் அறைக்கு 200 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் ஹீட்டரின் தடை, தகட்டின்படி 26.45 ஓம். 200 × 200 ÷ 26.45 = 1512 வாட். அழுத்தம் 13 சதவீதம் குறைந்தது. வெப்பம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிட்டது. ஹீட்டர் கெட்டுப்போகவில்லை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் வோல்ட்டை அளந்துவிடுங்கள்.

குளிக்கும் வாளிக்கும் இதே கதைதான். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 15 லட்சத்து 70 ஆயிரம் ஜூல் வேண்டும். 1500 வாட் ராட் பதினேழரை நிமிடத்தில் முடித்துவிடும். 200 வோல்ட்டில் அதே ராட் 1134 வாட் ஆகிவிடுவதால் 23 நிமிடம்.

உருகிய பிளக்கின் கதை

இரண்டாவது வடிவத்தில்தான் அந்த இரவின் விடை இருக்கிறது. இதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

மின்னோட்டம் ஹீட்டரின் சுருளில் மட்டும் ஓடுவதில்லை. மீட்டரிலிருந்து சுவருக்குள் ஓடும் கம்பி, சாக்கெட்டின் பித்தளை இதழ்கள், கன்வர்டரின் முனைகள், ஹீட்டரின் வயர் எல்லாவற்றிலும் அதே 8.7 ஆம்பியர்தான் ஓடுகிறது. எங்கெல்லாம் தடை இருக்கிறதோ அங்கெல்லாம் வெப்பம் பிறக்கும். நல்ல இறுக்கமான சாக்கெட்டில் தொடுமிடத்தின் தடை மிக மிகச் சிறியது. பல வாடகைதாரர்கள் செருகி இழுத்துத் தளர்ந்துபோன சாக்கெட்டில், பித்தளை முனை இதழின் ஓரத்தில் மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. அங்கே அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம்.

8.7 × 8.7 × 0.5 = 38 வாட்.

கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் மின்னணுப் பலகைகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிவைத்து நாலு மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம். சூட்டில் பித்தளை ஆக்சைடு பூத்துக் கருக்கும், இதழ் இன்னும் தளரும், தடை ஏறும், வெப்பம் அதற்கேற்ப ஏறும். என் இழுப்பறையில் இருக்கும் கருநீல முனை இப்படித்தான் உருவானது.

அதே சாக்கெட்டில் ஹீட்டரைக் குறைந்த நிலையில் ஓட்டியிருந்தால் 4.35 × 4.35 × 0.5 = 9.5 வாட். மின்னோட்டம் பாதியானால் தொடுமிட வெப்பம் கால் பங்காகிவிடுகிறது. மின்னோட்டம் இருமுறை பெருக்கப்படுவதன் பொருள் இதுதான்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அந்த அறைக்கு இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. ஓடியது 8.7 ஆம்பியர். அதன் கணக்கில் எந்தத் தவறும் நடக்கவில்லை. இன்னும் சொன்னால், குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது என்பதே தரநிர்ணயம், 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை. 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஒன்பது ஆம்பியர் ஓடுவது அதற்குத் தெரியாது. தளர்ந்த முனையின் சூடும் தெரியாது. அவற்றை நாம்தான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் இதே கணக்கு. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.026 ஓம். ஐந்து மீட்டர் வயரில் போக வர பத்து மீட்டர், 0.26 ஓம். 8.7 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 20 வாட் வயரிலேயே வெப்பமாகிறது. நீட்டிப் போட்டால் காற்றில் ஆறிவிடும். அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தால் சூடு வெளியேற வழியில்லை. ஹீட்டரை எக்ஸ்டென்ஷனில் போடாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது

சூடாக்கும் கருவிகளுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். மோட்டார் உள்ளவற்றுக்குப் பொருந்தாது. என் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது 228 வோல்ட், 0.9 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 205, ஆனால் ஆற்றல் மீட்டர் காட்டிய வாட் 150. மாறுதிசை மின்சாரத்தில் மோட்டாரின் சுருள் மின்னோட்டத்தைச் சற்றுப் பின்தங்க வைக்கிறது. அதனால் முழுப் பெருக்கல்தொகையும் வேலையாக மாறுவதில்லை. 150 ÷ 205 = 0.73. இதற்குத் திறன்காரணி என்று பெயர். மின்கட்டணத்துக்கு 150ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் தாங்குதிறனுக்கு 0.9 ஆம்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துத் தடை என்று ஓர் எண்ணைச் சொல்வதில் பொருளில்லை.

பழைய குண்டு பல்பு வேறுவிதம். 100 வாட் பல்பின் தடை கணக்கின்படி 529 ஓம். கையில் இருந்த ஒன்றை மல்டிமீட்டரில் வைத்தேன். 38 ஓம் காட்டியது. இரண்டுமே சரி. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. அப்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் மட்டும் 230 ÷ 38, அதாவது ஆறு ஆம்பியர் பாய்கிறது. பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் போவது இதனால்தான். ஹீட்டரின் நிக்ரோம் கம்பியில் இந்த மாற்றம் சில சதவீதம்தான் என்பதால் நம் கணக்கு தப்பித்தது.

மனித உடலுக்கும் தடை உண்டு. ஈரக் கையோடு நிற்பவரின் உடல் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க இது தாராளமாகப் போதும். உடலைக் காக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும், எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. ராடைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் பிடுங்கிய பிறகே வாளித் தண்ணீரில் விரலை விடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பது அந்த அறைக்கு வயரிங் செய்தவருக்குத்தான் தெரியும்.

பில்லுக்குக் கொண்டுபோகும் கணக்கு

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டர் தினம் நான்கு மணி நேரம், முப்பது நாள்: 240 யூனிட். டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்துக்கு முழு மானியம் என்ற ஏற்பாடு 2019இல் வந்தது. அந்த வரம்பை ஹீட்டர் ஒன்றே தாண்டிவிடுகிறது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் அறைகளில், அவர் சொன்ன விலையை 240ஆல் பெருக்கி, ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்பளு என்று கிலோவாட்டில் ஓர் எண் இருக்கும். மாதாந்திர நிலைக்கட்டணம் அதைப் பொறுத்தது. 3 கிலோவாட் அனுமதி உள்ள வீட்டில் 2000 வாட் ஹீட்டர், 2000 வாட் கீசர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 6 கிலோவாட், 26 ஆம்பியர். குளித்து முடித்த பிறகு தோசை ஊற்றலாம்.

மீட்டர் வாங்க எங்கே போவது

சாந்தினி சவுக்கில் உள்ள பாகீரத் பேலஸ். லால் கிலா மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். வயர், எம்.சி.பி., சாக்கெட், மீட்டர் எல்லாம் மொத்த விலைக் கடைகளில் குவிந்து கிடக்கும். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் அரண்மனை. அவர் 1836 வரை வாழ்ந்தார். ஓம் தன் விதியை அச்சிட்ட ஆண்டில் அங்கே மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்துகொண்டிருந்திருக்கும். கம்பிச் சுருள்களைத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு அந்தத் தூண்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்வேன்.

சாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையில் ஒரு பிளக் எடுத்துக்கொண்டு போய்ச் செருகி இழுத்துப் பாருங்கள். இழுக்கச் சற்று பலம் வேண்டியிருந்தால் இதழ்கள் இறுக்கமாக இருக்கின்றன என்று பொருள். வாங்கி மாட்டிய பிறகும், ஹீட்டரை அரை மணி நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை மாற்றும் வரை ஹீட்டர் வேண்டாம்.

அறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்ரே மே சோலா ஆம்பியர் கா பாயிண்ட் ஹை?" (அறையில் பதினாறு ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா?) இருக்கிறது என்றால், காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். இல்லை என்றால், எம்.சி.பி. பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, எர்த் இணைப்போடு ஒரு பவர் பிளக் வைத்துத் தருவாரா என்று கேளுங்கள். அதற்கும் அவர் இசையவில்லை, அறையும் விட மனமில்லை என்றால், இரண்டு குழாய்கள் கொண்ட 800 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் வாங்குங்கள். இரண்டும் எரிந்தால் 3.5 ஆம்பியர், ஒன்று மட்டும் எரிந்தால் 1.7 ஆம்பியர். இறுக்கமான சிறிய சாக்கெட் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். அக்கா மகன் அடுத்த இரண்டு குளிர்காலங்களையும் அதை வைத்துத்தான் ஓட்டினான்: படிக்கும் மேசைக்கு மூன்றடி தள்ளி ஒரு குழாய் மட்டும், கால்களுக்குக் கம்பளிச் சாக்ஸ், கதவிடுக்கில் ஒரு பழைய லுங்கி.